டீச்சர் யாரையும் விட்டதில்லை

டீச்சர் யாரையும் அடித்ததில்லை. முட்டி போட வைத்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஆனால் யாரையும் விட்டதும் இல்லை. அவர் பார்த்துக்கொண்ட பள்ளி நூலகத்தின் புத்தகத்துக்கு ஒருவர் தீங்கு செய்துவிட்டால், அதற்கு உரியதை அவர் கையாலேயே செய்து முடிக்கிற வரைக்கும் டீச்சர் அவர் பின்னாலேயே வருவார். எட்டாம் வகுப்புப் பெண்ணானாலும் சரி, தலைமை ஆசிரியரானாலும் சரி.

எட்டாம் வகுப்புப் பெண் நான்தான். அறிவியல் கண்காட்சிக்கு அட்டையில் ஒட்ட ஓர் இதயத்தின் படம் வேண்டியிருந்தது. நூலகப் புத்தகம் ஒன்றில் சிவப்பும் நீலமுமாக அழகாக இருந்தது. பிளேடு வைத்து அறுத்து எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பரிசும் வாங்கினேன். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, வெள்ளைப் புடவையும் கையில் குடையுமாக டீச்சர் கொரட்டூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அப்பா பதறிப்போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"உக்கார வரலீங்க. உங்க பொண்ணுகிட்ட எங்க புத்தகத்தோட பக்கம் ஒண்ணு இருக்குது. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பக்கம் அட்டையோடு மழையில் நனைந்து குப்பைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். டீச்சர் சமாதானப்படுத்தவில்லை, அதட்டவும் இல்லை. அழுது முடிக்கிற வரை நின்றார். பிறகு, "சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு. ஸ்கேல், கலர் பென்சில் எடுத்துக்கோ" என்றார்.

நகரத்தில் ஒரு பெரிய நூலகத்தில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி இருப்பதை அவர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். மூன்று சனிக்கிழமைகள் என்னை ரயிலில் அழைத்துப் போனார். ஒரு பக்கத்தில் படம், அதன் முதுகில் முப்பத்திரண்டு வரிகள். இரண்டையும் நான் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். அச்சில் ஒரு வரி எந்த எழுத்தில் முடிகிறதோ என் வரியும் அங்கேயே முடிய வேண்டும்.

"ஏன் டீச்சர்? மொத்தமா எழுதினா போதாதா?"

"அடுத்த பக்கம் பாதி வாக்கியத்துலதான ஆரம்பிக்குது. படிக்கிறவங்க உன் பக்கத்துலேருந்து அதுக்குத் தடுக்காம போகணும்ல?"

நான் எழுதிய பக்கத்தைப் புத்தகத்தின் அளவுக்கு வெட்டி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையால் அவரே ஒட்டினார். அதுதான் அவர் வழக்கம். கிழித்தவர் எழுத வேண்டும். வேறு தண்டனை கிடையாது. எங்கள் நூலகத்தில் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் நடுவில் எங்கேயாவது ஒரு பிள்ளையின் கையெழுத்து வரும். கோணல்மாணலாக, பயந்து பயந்து எழுதிய கையெழுத்து.

முப்பத்து மூன்று வருடம் கழித்து, அந்த டீச்சருடைய நினைவுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர், எங்கள் நூலகத்தைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிய தாளாளர். என் மகள் நிவேதா நான் படித்த அதே பள்ளியில், அவருடைய நிர்வாகத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டம் முடிந்து பன்னிரண்டாம் நாள் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. இதை எழுதுகிற இன்றைக்கு அதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அவள் மதிப்பெண்ணுக்கு என்ன ஆகும் என்று பயந்துகொண்டேதான் கூட்டத்துக்குப் போனேன். அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் டீச்சரைச் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாதவர்களுக்கு என் ஆத்திரம் புரியாது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா நூலகத்துக்குள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பாடியில் லாரி ஓட்டுகிறவர்.

"இன்னா டீச்சர், ஒரு காயிதத்துக்கு இம்மாம் பெரிய பஞ்சாயத்தா? எம்பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னாம அய்துகினு கீது!"

"கிழிச்சது யாருங்க?" என்று மட்டும் கேட்டார் டீச்சர்.

லாரிக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "நாந்தான். பீடி பத்த வெக்க ஒண்ணும் ஆப்படல."

"அப்போ நீங்கதான் எழுதணும்."

"எனுக்கு எயுத வராதே."

"படம்தாங்க. பாத்து வரையலாம். உக்காருங்க."

அது டீசல் எஞ்சினின் உட்புறப் படம். வேறொரு புத்தகத்தில் இருந்த அதே படத்தைப் பார்த்து, இரண்டு சாயங்காலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து வரைந்தார். முடித்துவிட்டு, "இதுல ஒரு பைப்பு தப்பான எடத்துல கீது டீச்சர். நான் சரி பண்ட்டேன்" என்றார். டீச்சர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். "அடியில அதையும் எழுதிடுவோம்" என்று சொல்லி, 'மூலப் படத்தின் பிழை திருத்தப்பட்டது' என்று தன் கையால் எழுதினார். அதன் பிறகு அந்த மனிதர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "எம்பக்கம் சேஃப்பா கீதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

தலைமை ஆசிரியர் ஒருவர் தன் மனைவிக்காக ஏழெட்டு நாவல்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். திருப்பவில்லை. டீச்சர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலுக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். தெருவில் போகிறவர்கள், "என்ன டீச்சர், யாருக்காக வெய்ட்டிங்?" என்று கேட்டால், "புத்தகத்துக்கு" என்பார். ஒன்பதாம் நாள் அந்த அம்மாவே கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அதில் ஒன்று குறைந்தது. டீச்சர் பத்தாம் நாளும் போனார்.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படி அல்ல. ஆவடியில் இருந்த அவருடைய தம்பி, அப்பா விட்டுப்போன அகராதியை இரவல் வாங்கிப் போய்த் தரவே இல்லை. அதைச் சாக்கிட்டு இருவருக்கும் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. தம்பி இறந்தபோது டீச்சர் போனார். ஜெபம் முடிந்து பெட்டியை மூடப் போகிற நேரத்தில், எல்லோரும் கேட்க, தம்பி மனைவியிடம் அகராதியைக் கேட்டிருக்கிறார். இதை அவரே என்னிடம் சொன்னார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நேரத்துலயா டீச்சர்?"

"பெட்டி மூடறதுக்கு முன்னாடியே கேட்டேம்மா. அப்புறம் கேட்டா அவனைக் கேட்ட மாதிரி இருக்காது."

இரண்டு மாதம் அவரைப் பார்க்கப் போகவில்லை. இவ்வளவு கெட்டியான மனசு நல்ல மனசாக இருக்க முடியுமா என்று தோன்றியது. ஆனால் அந்த இரண்டு மாதமும் என் பெயரில் எடுத்த புத்தகம் ஒன்று என் வீட்டில் இருந்தது என்பதும், அதைக் கேட்டு அவர் வருவார் என்று நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. வந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை எட்டேகாலுக்கு வழக்கம்போல வந்து நூலகத்தைத் திறந்தார். சம்பளம் கிடையாது. யாரும் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அப்படியே இருபத்து மூன்று வருடம். நிவேதா ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளைப் பார்த்து, "இவ அம்மா கெட்டிக்காரி. பிளேடால வெட்டினா ஓரம்கூடப் பிசிர் இல்லாம வெட்டுவா" என்றார். என் மகள் அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

போன வருடம் டீச்சருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் நூலகத்துக்கு வரவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் அது நடந்தது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் எல்லோரும் போடுவோம். போடாத பெற்றோரின் பிள்ளையை டீச்சர்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். அது உண்மையா என்று எவரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. அதனால் செய்தி வந்த நிமிடமே போட்டி போட்டுக்கொண்டு போடுவோம். படிப்பது பிறகு. பெரும்பாலும் படிப்பதே இல்லை.

அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு ஒரு பெரியவரின் கையில் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்போன் ஒலித்தது. இன்னொரு கையால் எடுத்தேன். நீளமான செய்தி. அதற்குள் முப்பது நாற்பது பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பெரியவரின் கையில் ரத்தம் நிற்பதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

'மாணவர் நலன் கருதி நூலக அறை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக் கூடமாக மாற்றப்படுகிறது. பயன்பாட்டில் இல்லாத பழைய புத்தகங்கள் அப்புறப்படுத்தப்படும். சம்மதிக்கும் பெற்றோர் தெரிவிக்கவும்.' இதுதான் செய்தி. இதை நான் படித்தது புத்தகங்கள் போய் ஒரு வாரத்துக்குப் பிறகு. இரண்டு அறை நிறைய இருந்த புத்தகங்களைக் குட்டி யானை வண்டியில் நான்கு நடையாக ஏற்றிப் பாடியில் ஒரு பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாளே அவை அரைக்கப் போய்விட்டன. என் முப்பத்திரண்டு வரியும், லாரிக்காரரின் எஞ்சினும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கையெழுத்தும்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு டீச்சர் திரும்பி வந்தபோது அந்த அறையில் புது பெயின்ட் வாசனை இருந்தது. தாளாளர், பள்ளியை ஆரம்பித்தவரின் மகன், நாற்பது வயதுக்காரர், அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, கட்டைவிரல் போட்டுச் 'சம்மதித்த' பெற்றோர் பட்டியலை அச்செடுத்துக் காட்டினார்.

"நாங்களா எதுவும் பண்ணலம்மா. பேரன்ட்ஸ் எல்லாருமே ஓகே சொல்லிட்டாங்க. பாருங்க, பாதிப் பேர் உங்க ஸ்டூடன்ட்ஸ்தான்."

டீச்சர் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாராம். காபியைத் தொடவில்லையாம்.

அதன் பிறகு அவர் செய்தது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். தன்னிடம் படித்தவர்களின் பெயர்களைப் பட்டியலில் வட்டமிட்டுக்கொண்டு, எண்பத்தோரு வயதில், தினமும் ஒரு வீட்டுக்குப் போனார். என் தோழி ஸ்டெல்லா எனக்கு ஃபோன் செய்து அழுதாள்.

"டீச்சர் வந்தாங்கடி. ஒரே கேள்வி. 'படிச்சிட்டா போட்ட?'ன்னு கேட்டாங்க. நான் இல்ல டீச்சர்னேன். 'சரி'ன்னு எழுந்து போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவால்லடி. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"எத்தனை வீடு ஆச்சாம்?"

"பத்துப் பதினொண்ணு இருக்கும். உன் ஊட்டுக்கும் வருவாங்க, பாத்துக்கோ."

வந்தார். வியாழக்கிழமை பகல் பதினோரு மணி. எனக்கு விடுமுறை, நிவேதாவுக்குப் படிப்பு விடுமுறை. மாடியில் துணி உலர்த்தும்போது தெருமுனையில் வெள்ளைப் புடவை தெரிந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். நான் கீழே ஓடினேன். ஓடியது கதவைத் திறக்க அல்ல. படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "அம்மா வீட்ல இல்லன்னு சொல்லிடு" என்றேன் மகளிடம்.

"ம்மா, டீச்சரும்மா."

"சொல்லுடி!"

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நிவேதா தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் அவள் எந்தப் பாடத்தில் வீக் என்று விசாரித்தார். வேதியியல் என்றாள். பிறகு டீச்சரின் குரல். கதவின் பக்கம் திரும்பிப் பேசியதுபோல அது கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

"அம்மா வந்தா டீச்சர் வந்து போனாங்கன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல."

ஒருவரையும் விடாதவர் என்னை விட்டுவிட்டுப் போனார். ஆறு நாள் கழித்துத் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவருடைய அடுத்த கேள்விக்காக நான் இனி வாசலைப் பார்க்க முடியாது.

நான் யாருக்கும் சாபம் விட்டுப் பழக்கப்பட்டவள் அல்ல. இப்போது விடுகிறேன். அந்தத் தாளாளருக்கும் கண்ணில் புரை விழ வேண்டும். கட்டு அவிழ்த்துப் பார்க்கும்போது அவருடையது என்று அவர் நினைத்திருந்த ஏதோ ஒன்று அங்கே இருக்கக் கூடாது. படிக்காமல் விரலை அழுத்தியது என் குற்றம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் படிக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். டீச்சர் கண்கட்டோடு படுத்திருக்கும் வாரத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். அது வெறும் தவறில் சேராது.

இப்படிப்பட்டவர் நினைவுக் கூட்டம் நடத்தினார். 'நூலகத் தாய்' என்று டிஜிட்டல் பேனர். பேசுகிறவர்கள் பேச்சை முன்கூட்டியே எழுதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். 'அருமை மேடம். புத்தகங்களைப் பற்றிய கடைசி வரி மட்டும் வேண்டாம்' என்று பதில் வந்தது.

என் கணவரிடம் காட்டினேன். அவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர். "பன்னெண்டு நாள் கம்முனு இரும்மா. பிராக்டிகல் முடியட்டும். அப்பறம் நீ இன்னா வேணா பேசு, நானே மைக் புடிக்கிறேன்" என்றார்.

"அப்பறம் யார் கேப்பாங்க?"

"இப்ப கேட்டு மட்டும் போனது திரும்பி வருமா? பொண்ணு வாழ்க்கைம்மா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கடைசி வரியை அடித்த பேச்சைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நிவேதா இறை வணக்கம் பாடிய பிள்ளைகளோடு மேடையின் ஓரத்தில் நின்றிருந்தாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வரி படித்தேன். 'அன்னையாய் அரவணைத்தார்' என்று எழுதியிருந்தேன். டீச்சர் யாரையும் அரவணைத்ததே இல்லை.

காகிதத்தை மடித்தேன்.

"டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தப்போ நான் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்" என்றேன். "ஏன்னா நான் படிக்காம போட்டேன். இங்க இருக்கிற நிறையப் பேர் படிக்காம போட்டோம். ஆனா அதை எழுதினவர் படிச்சுத்தான் எழுதினார். டீச்சர் கண் ஆபரேஷனுக்குப் போன நாளா பாத்து எழுதினார். ஒரு லைப்ரரியை அரைக்க அனுப்பிட்டு அவங்க போட்டோவுக்கு மாலை போடறார். அவர் இங்கதான் உக்காந்திருக்கார்." திரும்பி அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன். "சார், அந்த மாலையை நீங்க போட்டிருக்கக் கூடாது."

எங்கோ பின்னாலிருந்து ஒருவர் கை தட்டி, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

தாளாளர் எழுந்து வந்தார். கோபமே இல்லை. சிரித்த முகம். என் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"மேடம் கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க. பரவால்ல, டீச்சர் மேல அவ்ளோ பாசம்." பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கை அணைக்காமலேயே, அக்கறையாகக் கேட்டார். "உங்க பொண்ணு எந்த செக்ஷன்ம்மா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த அரங்கில் இருந்த ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான்.

"பன்னெண்டு பி, சார்."

மேடையின் ஓரத்திலிருந்து நிவேதாவின் குரல். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"பேரு நிவேதா. கெமிஸ்ட்ரில வீக். ரோல் நம்பரும் சொல்றேன், எழுதிக்கிறீங்களா சார்?"

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பின்வரிசையில் ஒரு தாத்தா, "எயுதிக்கோப்பா!" என்று கத்தினார். அப்புறம் அரங்கம் முழுக்கச் சிரிப்பா சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று எழுந்தது. தாளாளரின் கை, பழக்கத்தில்தான் இருக்க வேண்டும், சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டது. மூடியையும் கழற்றிவிட்டார். அதன் பிறகுதான் எல்லோரும் அந்தப் பேனாவையே பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தார். அவ்வளவு பேருக்கு முன்னால், நிதானமாக மூடியைத் திரும்ப மாட்டினார். முதல் முறை அது சரியாக உட்காரவில்லை.